மலை ஜீப்புக்கு இரும்பு ரிம் சரிதான், அகலத்தில்தான் ஆபத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறு காலைகளில் ஏற்காடு அடிவாரத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். மட்கார்டைத் தாண்டி நாலு விரல் அகலத்துக்கு டயர் துருத்திக்கொண்டிருக்க, கறுப்பு இரும்பு ரிம் மாட்டிய ஜீப்புகள் மேலே ஏறுவதைப் பார்க்கலாம். இரும்பு ரிம்முக்கு மாறியதை யாரும் குறை சொல்ல முடியாது. மலைக்கு அதுதான் ஏற்றது. டயரைக் கொஞ்சம் உயரமாக்கியதும் சரியே. வெளியே துருத்தும் அந்த நாலு விரல்தான் தவறு. சக்கரம் சுழலும் ஹப் பேரிங், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை, ஸ்டியரிங் எல்லாம் அடி வாங்குவது அதனால்தான். புதிதாக ரிம்மும் டயரும் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் எதை எதை அளந்து பார்க்க வேண்டும் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

ஏன் இரும்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகலூர், செம்மநத்தம், கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் பாதைகளில் செம்மண்ணுக்கு அடியில் கருங்கல் கிடக்கிறது. மழை மண்ணை அரித்த பிறகு கல்லின் விளிம்பு மட்டும் மேலே நிற்கும். அதில் ரிம்மின் உதடு இடித்தால் அலாய் ரிம் விரிசல் விடும். சில நேரம் ஒரு துண்டே பெயர்ந்து வரும். டியூப்லெஸ் டயர் என்றால் அந்த இடத்திலேயே காற்று போய்விடும். இரும்பு உடையாது, மடங்கும். டயரின் ஒரு பக்கத்தை இறக்கி, மடங்கிய உதட்டுக்கு மரக்கட்டை கொடுத்துச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தினால், காற்றுப் பிடித்துக்கொண்டு சேலம் வந்து சேரலாம். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் மூட்டையோடு இறங்கும் எஸ்டேட் ஜீப்புகள் இன்னமும் இரும்பு ரிம்மிலேயே ஓடுவதற்குக் காரணம் விலை மட்டுமல்ல, இதுவும்தான்.

இந்த வைத்தியம் உதடு ஐந்தாறு மில்லிமீட்டர் வளைந்திருந்தால்தான். நடுத்தட்டு கோணிவிட்டாலோ, நடுத்தட்டும் வளையமும் சேருகிற வெல்டிங்கில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலோ அந்த ரிம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துவதும் கூடாது. சூடு பட்ட இடம் பலம் இழந்து, அடுத்த பள்ளத்தில் அதே இடத்தில் மறுபடி மடங்கும். நிமிர்த்திய ரிம் நேராக இருக்கிறதா என்று பார்க்க எந்திரம் தேவையில்லை. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு கம்பியின் முனை ரிம் உதட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் ஒன்றரை மி.மீ.க்கு மேல் மாறினால் அந்த ரிம் முன் சக்கரத்துக்கு ஆகாது.

சேலத்தில் 'ஸ்டீல் ரிம்' என்றதும் நம் உருக்காலைத் தகடு, அதாவது எவர்சில்வர், துருவே பிடிக்காது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ரிம்முக்குப் போடுவது எவர்சில்வர் அல்ல, கார்பன் குறைந்த சாதாரண உருக்குத் தகடு. நன்றாக வளையும், நன்றாக வெல்டிங் ஏறும் என்பதால் அதைப் போடுகிறார்கள். அது துருப்பிடிக்கும். டயர் விளிம்பு வந்து உட்காரும் வரப்பில் துருவும் பெயிண்டுச் செதிலும் சேர்ந்தால், வாரத்துக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. காற்று சத்தமில்லாமல் இறங்கும். பஞ்சர் கடையில் ஆணியைத் தேடித் தேடிக் கடைசியில் டயரையே மாற்றச் சொல்வார்கள். டயரில் குறை இருக்காது. சோப்புத் தண்ணீர் ஊற்றி விளிம்பைச் சுற்றிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டயரைக் கழற்றி, வரப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் ஒரு கோட்டும் மெல்லிய பெயிண்ட் ஒரு கோட்டும் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பழைய ரிம்மை வட்டமாக அறுத்து, நடுவில் ஒரு பட்டை சேர்த்து வெல்டிங் வைத்து அகலமாக்கித் தரும் வேலை. டிராக்டருக்கும் வயலுக்கும் அது போதும். கொண்டை ஊசி வளைவில் ஆளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் வளையம் இழுத்துக்கொண்டு வட்டம் கெடும். தையல் ஓரத்தில் காற்றுக் கசியும். வளைவில் பாரம் பக்கவாட்டில் விழும்போது விரிசல் அந்தத் தையலில்தான் தொடங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புது ரிம்மாகவோ, கம்பெனி மாட்டிக் கொடுத்த பழைய ரிம்மாகவோ வாங்குங்கள். டியூப் டயருக்கென்று வந்த பழைய ரிம்மில், டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்கும் சின்ன மேடு இருக்காது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது டியூப்லெஸ் டயர் அதிலிருந்து கழன்றுவிடும். உள் வரப்பில் விரலை ஓட்டினாலே அந்த மேடு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

இனி அளவு. போல்ட் வட்டத்தின் விட்டத்தைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். ஆறு ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் நேரடியாகக் கிடைக்கும். ஐந்து ஓட்டை ரிம்மில் எதிர் ஓட்டை கிடையாது. அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் இரண்டின் மையத்துக்கு மையம் அளந்து 1.7 ஆல் பெருக்குங்கள். 82 மி.மீ. இருந்தால் அது 139.7 பி.சி.டி.; மாருதியின் பழைய ஜிப்ஸிக்கும் இப்போதைய ஜிம்னிக்கும் அதுதான். 67 மி.மீ. இருந்தால் 114.3. பி.சி.டி. பொருந்தினால் மட்டும் போதாது, நடு ஓட்டையும் ஹப்பில் ஏற வேண்டும். சிறிதாக இருந்தால் லேத்தில் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் நட்டுகளின் கூம்புதான் ரிம்மை மையத்தில் நிறுத்த வேண்டும் என்பதால் மாட்டும் முறையில் கூடுதல் கவனம் வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களை வைத்து அதன் உயரத்தை யாரும் கணக்குப் போடலாம். 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 161 மி.மீ.; ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலும் கீழும் சுவர் உண்டு என்பதால் மொத்த விட்டம் 703 மி.மீ. பொலேரோவில் வருவது இந்த அளவு. அதை 235/75 ஆர் 15 ஆக்கினால் விட்டம் 733 மி.மீ. ஆகும். 30 மி.மீ. கூடினாலும் வண்டியின் அடிவயிறு உயர்வது அதில் பாதி, 15 மி.மீ.தான். 'ரெண்டு அங்குலம் தூக்கிக் கொடுக்கும்' என்று விற்பவர் சொன்னால், விட்டம் நாலு அங்குலம் கூடுகிறதா என்று கேளுங்கள்.

விட்டம் கூடுகிற சதவீதம்தான் முக்கியம். மேலே சொன்ன மாற்றத்தில் 4.3 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.5 கி.மீ. வேகத்தில் போகும். எல்லாக் கியரிலும் அதே 4 சதவீதம் இழுவை குறையும். சமவெளியில் இது தெரியாது. முழுப் பாரத்தோடு 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது தெரியும். குப்பனூர் வழியில் இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டாவது கியர் இழுக்காத இடத்தில் ஓட்டுநர் பாதி கிளட்ச் பிடிப்பார், கிளட்ச் பிளேட் கருகும். இறக்கத்தில் பிரேக்குக்கும் அதே கதைதான். சக்கரம் பெரிதாகப் பெரிதாக அதே டிஸ்க், அதே பேட் கூடுதல் பாரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஏ.பி.எஸ்., வழுக்கல் தடுப்பு எல்லாம் உள்ள புதிய வண்டிகளில் 3 சதவீதத்துக்குள் நின்றுகொள்வது நல்லது. அந்த எந்திரங்கள் இல்லாத பழைய ஜீப்புக்கும் 5 சதவீதத்தைத் தாண்டினால் அச்சுக்குள் இருக்கும் கிரவுன்–பினியன் பல்சக்கரங்களின் விகிதத்தை மாற்றாமல் ஓட்டுவது எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை.

மஹிந்திரா தார் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. 2020இல் வந்த தாரில் மேல் வகைக்கு 18 அங்குல அலாய் ரிம்மில் 255/65 டயரும், கீழ் வகைக்கு 16 அங்குல இரும்பு ரிம்மில் 245/75 டயரும் கம்பெனியே கொடுத்தது. விட்டத்தில் வித்தியாசம் 15 மி.மீ.தான். பக்கச் சுவரோ 166இலிருந்து 184 மி.மீ. ஆகிறது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுவர் மட்டுமே. பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது அதுதான். பணத்தைப் பார்த்தாலும் பாதையைப் பார்த்தாலும் 18 அங்குலத்தில் இருப்பவர் பெரிய டயர் தேடுவதைவிடச் சிறிய இரும்பு ரிம்முக்கு இறங்குவதே புத்திசாலித்தனம். அதே ரிம்மில் 265/75 ஆர் 16 போட்டால் விட்டம் 804 மி.மீ.; 18 அங்குல டயரைவிட 2 சதவீதம்தான் கூடுதல், சுவரோ 199 மி.மீ. ரிம்மைச் சிறிதாக்கும் எந்த வண்டியிலும் முன் பிரேக் காலிப்பருக்கும் ரிம்மின் உள்பக்கத்துக்கும் நடுவில் 3 மி.மீ.யாவது இடைவெளி இருக்கிறதா என்று டயர் ஏற்றும் முன்பே வெறும் ரிம்மை மாட்டிப் பாருங்கள். டயர் ஏற்றிய ரிம்மைக் கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார்.

இப்போது அந்த நாலு விரல் விஷயத்துக்கு வருகிறேன். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், ரிம்மில் 'இ.டி.' என்று பொறித்திருக்கும். முகம் வெளிப்பக்கம் இருந்தால் கூட்டல், உள்பக்கம் இருந்தால் கழித்தல். கழித்தல் எண் கூடக் கூடச் சக்கரம் வண்டியை விட்டு வெளியே போகும். ஜிம்னிக்குக் கம்பெனி கொடுத்தது ஐந்தரை அங்குல அகல ரிம், இ.டி. கூட்டல் 5. கடையில் அழகுக்காக விற்கும் ஏழு அங்குல அகல ரிம், இ.டி. கழித்தல் 10 என்று வைத்துக்கொள்வோம். ரிம்மின் வெளி உதடு 34 மி.மீ. வெளியே வரும். அதில் 19 மி.மீ. அகலம் கூடியதால் வருவது, மீதி 15 ஆஃப்செட்டால் வருவது. அந்த 15தான் வலிக்கும். ஹப் பேரிங் தாங்குவதற்கென்று கம்பெனி வைத்த கோட்டிலிருந்து பாரம் 15 மி.மீ. வெளியே தள்ளித் தொங்குகிறது. நெம்புகோல் நீளமாகிறது. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும். கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் கோத்துப் பிடிப்பவருக்கு விரல் சுளுக்கும். கொஞ்ச நாளில் டை ராட் முனையில் ஆட்டம் வரும், பிறகு பேரிங் உறுமும். இதே ஜிம்னிக்கு ஆறு அங்குல ரிம், இ.டி. 0 போட்டால் நடுக்கோடு 5 மி.மீ.தான் நகரும், வெளி உதடு 11 மி.மீ.தான் வரும். டயர் மட்கார்டு நிழலுக்குள்ளேயே நிற்கும்.

ஆஃப்செட் பொறிக்காத ரிம் கையில் கிடைத்தால் இப்படி அளக்கலாம். ரிம்மைக் கவிழ்த்து, பின் உதட்டின் மேல் நேரான இரும்புப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஹப் முகம் வரை ஆழத்தை அளங்கள். பிறகு ரிம்மின் மொத்த அகலத்தை உதட்டோடு சேர்த்து அளந்து பாதியாக்குங்கள். ஏழு அங்குல ரிம்மில் உதட்டோடு சேர்த்து ஏறக்குறைய 203 மி.மீ. வரும், பாதி 101. ஆழம் 101 என்றால் ஆஃப்செட் 0. ஆழம் 91 என்றால் கழித்தல் 10. இரண்டு நிமிட வேலை. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுவதும் கழித்தல் ஆஃப்செட்டும் பேரிங்குக்கு ஒன்றுதான். ஸ்பேசரில் கூடுதலாக ஒரு செட் நட்டு வேறு தளரக் காத்திருக்கும்.

அகலமான டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது ஆற்று மணலுக்குச் சரி. சேர்வராயன் மலையின் செம்மண் மேலே பசை, கீழே கெட்டி. ஒல்லியான உயர டயர் பசையை அறுத்துக்கொண்டு கெட்டித் தரையைப் போய்ப் பிடிக்கும். அகலமான டயர் பசையின் மேல் மிதந்து வழுக்கும். உயரத்தில் ஒரு படி கூட்டுங்கள், அகலத்தில் 20 மி.மீ.க்கு மேல் கூட்டாதீர்கள்.

பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், எந்த வகை என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பெரிய பெரிய கட்டைப் பட்டன் உள்ள எம்.டி. எனும் சேற்று டயர் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்காது; ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறைவு. ஏற்காட்டுக்குப் போய் வரும் வண்டி மண்ணில் ஓடுவது கொஞ்ச தூரம், பனியும் தூறலும் படிந்த தார் ரோட்டில் இறங்குவதுதான் அதிகம். மண்ணுக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவான ஏ.டி. டயர் போதும். நாள் முழுதும் எஸ்டேட்டுக்குள்ளேயே கிடக்கும் ஜீப்புக்கு மட்டும் எம்.டி. போடலாம்.

டயரில் இன்னும் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது பாரக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925, 109 என்றால் 1,030. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. அளவுக்கு முன்னால் எல்.டி. என்ற எழுத்து இருந்தால் அது சுவர் தடித்த, சுமை வண்டி வகை டயர். அதே பாரத்தைத் தாங்க அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும். கதவோரத்தில் கம்பெனி ஒட்டிய அளவை அப்படியே பிடித்தால் போதாது. இரண்டாவது, தயாரித்த வாரம். நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். மூன்றாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதற்கு மேல் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும்.

டயர் ஏற்றியதும் உரசுகிறதா என்று பார்க்க, கடை வாசலில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவார்கள். அது பத்தாது. ஒரு முன் சக்கரத்தை முழங்கால் உயர மேட்டில் ஏற்றி நிறுத்தி, அந்த நிலையிலேயே இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்ப வேண்டும். அடுத்த முன் சக்கரத்துக்கும் அப்படியே. பின் சீட்டில் நாலு பேரை உட்கார வைத்துப் பின்பக்கமும் பார்க்க வேண்டும். மட்கார்டின் உள் உறை, பம்பரின் கீழ் மூலை, சேஸியோடு சக்கர அச்சைப் பிடிக்கும் கை, பிரேக் ஹோஸ் நான்கிலும் சுண்ணாம்பு தடவி வையுங்கள். எங்கே சுண்ணாம்பு அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. பிளாஸ்டிக் உறை உரசினால் வெட்டிவிடலாம். பிரேக் ஹோஸில் உரசினால் அந்த டயர் அந்த வண்டிக்கு இல்லை.

அடுத்து நட்டு. இதில் அலட்சியம் காட்டுபவர்கள்தான் அதிகம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். அலாய் ரிம்மின் நட்டை இரும்பு ரிம்முக்குப் போட முடியாமல் போகலாம். சில அலாய் ரிம்களுக்குத் தட்டையான வாஷர் நட்டு, சிலவற்றுக்கு உருண்டை அடி. இரும்பு ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு. கூம்புக் குழியில் உருண்டை நட்டு உட்கார்ந்தால் ஒரு வளையக் கோட்டில் மட்டும் பிடிக்கும், ஓடும்போது தளரும். நட்டு போல்ட்டில் எத்தனை சுற்று ஏறுகிறது என்றும் எண்ணுங்கள். 12 மி.மீ. போல்ட்டில் மரையின் இடைவெளி ஒன்றரை மி.மீ. என்றால் 8 சுற்றும், 1.25 என்றால் 10 சுற்றும் குறையாமல் ஏற வேண்டும்.

புது இரும்பு ரிம்மில் நட்டுக் குழிக்குள் தடிமனாகப் பெயிண்டோ பவுடர் கோட்டிங்கோ இருக்கும். முதல் நாள் எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் பெயிண்ட் நசுங்கியதும் நட்டு தளர்ந்துவிடும். குழியையும் ஹப் முகம் தொடும் பரப்பையும் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, ஐந்து நட்டையும் கையாலேயே கடைசி வரை ஏற்றி, ரிம்மை ஆட்டி மையத்தில் உட்கார வைத்து, பிறகு நட்சத்திரம் போடுகிற வரிசையில் முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்கம் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். இந்த அளவு வண்டிகளுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். நீளப் பைப்பை மாட்டி அதன்மேல் ஏறி நிற்கும் பழக்கத்தை விட வேண்டும். 70 கிலோ ஆள் 60 செ.மீ. தள்ளி நின்றால் 400ஐத் தாண்டும். போல்ட் நீண்டு பலம் இழக்கும், இரும்பு ரிம்மின் நட்டுக் குழி உள்வாங்கிவிடும். போல்ட்டில் கிரீஸ் தடவவும் கூடாது. அதே முறுக்கில் நட்டு அளவுக்கு மீறி இறுகும். மாட்டிய பின் 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, மலை ஏறி இறங்கியதும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். நட்டைச் சுற்றித் துரு நிறத்தில் கதிர் மாதிரிக் கோடுகள் கிளம்பியிருந்தால் நட்டு ஆடுகிறது என்று அர்த்தம். அந்த ரிம்மைக் கழற்றி ஓட்டை நீள்வட்டமாகிவிட்டதா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

வால்வையும் மறந்துவிட வேண்டாம். ரிம்மில் இரண்டு அளவு வால்வு ஓட்டை உண்டு, 11.3 மி.மீ. ஒன்று, 15.7 மி.மீ. இன்னொன்று. பெரிய ஓட்டையில் சின்ன ரப்பர் வால்வைச் செருகினால் வேகத்தில் பிடுங்கிக்கொள்ளும். நீள வால்வு கல்லில் மாட்டிக் கிழியும். குட்டை வால்வே போடுங்கள்.

காற்று. தார் ரோட்டுக்கு வண்டிப் புத்தகம் சொல்வது. மண் பாதையில் 20, 22 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், நல்ல சேற்றில் 18. டயர் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு வைக்காத சாதா ரிம்மில் 15க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டு இறங்கிவிடும். இறக்கிய காற்றைத் திரும்பப் பிடிக்காமல் மலைப்பாதையில் இறங்குவது பெரிய பிசகு. சுவர் மடிந்து மடிந்து சூடேறும், கொண்டை ஊசியில் வண்டி ஒரு பக்கம் சாயும். பேட்டரியில் ஓடும் காற்றடிக்கும் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். மேலே போனால் காற்றழுத்தம் கூடுமே என்று கேட்பவர்கள் உண்டு. சேலத்திலிருந்து 1,200 மீட்டர் ஏறினால் டயரில் 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அங்குள்ள குளிர் ஒன்றரை பி.எஸ்.ஐ.யைக் குறைத்துவிடும். குளிர்ந்த டயரில் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுவதால் அதற்கென்று தனியாகக் காற்றை எடுக்க வேண்டாம்.

மண் பாதையில் ஓடிவிட்டு வந்ததும் எழுபதில் ஸ்டியரிங் நடுங்கினால் அலைன்மென்ட் கடைக்கு ஓடாதீர்கள். இரும்பு ரிம்மின் உள்பக்கப் பள்ளத்தில் செம்மண் ஒரு கைப்பிடி ஒட்டிக் காய்ந்திருக்கும். பேலன்சிங் ஈயம் 10, 20 கிராம் கணக்கில் ஒட்டுகிறார்கள். மண்ணோ 200 கிராம் இருக்கும். உள்பக்கத்தைக் கழுவினாலே பாதிப் பேருக்கு நடுக்கம் நின்றுவிடும்.

ஸ்டெப்னியும் அதே அளவில்தான் வேண்டும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் அளவு மாறினால், நாலையும் பூட்டி ஓட்டும்போது இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முறுக்கம் ஏறிக் கியர் உடையும். ஐந்து டயரையும் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை சுழற்றி மாட்டினால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். பின் கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் இரும்பு ரிம்மும் தடித்த டயரும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ கூடினால் கதவுக் கீல் தொங்கிவிடும். பழையதையும் புதியதையும் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182-ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயரும் விதிக்குப் புறம்பு. அதே மாடலின் இன்னொரு வகைக்குக் கம்பெனி கொடுத்த அளவு என்றால், புத்தகத்தைக் காட்டிப் பேசவாவது ஆதாரம் இருக்கும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் சக்கரத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் விபத்துக்குப் பிறகு முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் நாளிதழ் வழியாக சேலம், நாமக்கல் டயர் கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இப்போது பில்லில் டயர் பெயரும் தொகையும் மட்டும்தான் இருக்கின்றன. ரிம்மின் அகலம், ஆஃப்செட், பி.சி.டி., டயரின் பாரக் குறியீடு, தயாரித்த வாரம் இந்த ஐந்தையும் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். எழுத இரண்டு வரிதான் ஆகும். வாங்குகிறவர்களும் அந்த இரண்டு வரியைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.